கழுவித் தந்த கதை

“மீனைக் கழுவிற மாதிரித்தான் பிள்ளை, கதையையும் கழுவ வேணும். செதிளோட ஆரும் சட்டிக்குள்ள போடுவினமே?”

ரீச்சர் இதைச் சொன்னது தன் குசினித் தொட்டிக்கு முன்னால் நின்று. முழங்கைவரை நனைந்திருந்தது. கையில் இருந்த மீனை நாலாம் தரமாகக் கழுவிக்கொண்டிருந்தார். உப்பு, மஞ்சள், வினாகிரி, திரும்பவும் மஞ்சள். சட்டிக்குள் போகிற நேரம் அது மீனா ஈரத்துணியா என்று தெரியாது. வாயில் வைத்தாலும் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு நான் சிரித்தேன். நல்ல சொல் ஒன்று காதில் விழுந்தால் எனக்கு வாய் தானாக விரிந்துவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு ஆட்களின் வாய்தான் புத்தகம். அவருடைய வாயிலிருந்து பொறுக்கியவை ஏராளம். இன்று அவற்றை நினைத்தால், அடுத்தவர் கடித்து வைத்ததை எடுத்துத் தின்ற மாதிரி இருக்கிறது.

பெயரை எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் அவர் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் இங்கிலீஷ் படிப்பித்துவிட்டு மெல்பேர்னுக்கு வந்தவர். காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. செத்த வீட்டில் ஒரு தாளை வைத்து அவரைப் பற்றி வாசித்தார்கள். நானும் பின்வரிசையில் இருந்து கேட்டேன். அதையும் யாரோ நன்றாகக் கழுவித்தான் எழுதியிருந்தார்கள்.

நான் சொல்வது எழுபதுகளின் நடுப்பகுதி. இந்த நகரத்துத் தமிழரை இரண்டு வான் வண்டியில் ஏற்றிவிடலாம். கோயில் இல்லை, கடை இல்லை, கறிவேப்பிலைக்கு வழியில்லை. நான் கிழமை முழுவதும் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவேன். சனிக்கிழமை ரயிலேறி, கிளென் வேவர்லியில் பாதை முடிகிற இடத்தில் இறங்கி, இருபது நிமிடம் நடந்தால் ரீச்சர் வீடு. மூன்று மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். நான் சைவக்காரி. ஆனாலும் போனேன். ஒரு கூடத்தில் எட்டுப் பெண்கள் தமிழில் கதைக்கிற சத்தத்துக்காக எத்தனை ஆமென் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றிருந்த காலம்.

ஜெபம் முடிந்ததும் கதை. அதற்காகத்தான் பாதிப் பேர் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நகர நூலகத்திலிருந்து ரீச்சர் ஒரு இங்கிலீஷ் நாவல் எடுத்து வைத்திருந்தார். அட்டையில் தலைக்குத் துணித்தொப்பி கட்டிய ஒரு பெண். பின்னால் மரக்குற்றிகளால் அடுக்கிய வீடு, ஒரு ஆறு, தூரத்தில் மலை. அமெரிக்கா இன்னும் இங்கிலாந்து ராசாவுக்குக் கீழே இருந்த காலத்தில், வெள்ளைக்காரர் காடு வெட்டிக் குடியேறிய எல்லையில் நடக்கிற காதல் கதை. கிறிஸ்தவக் காதல் கதை. ரெபேக்கா என்று தாய் தகப்பன் இல்லாத பெண். சபையில் பெரிய ஆளான அவளுடைய பெரியப்பா. மாவு ஆலை வைத்திருக்கிற, மனைவியை இழந்த ஒரு வயதான ஆள். காட்டில் பொறி வைத்துத் தோல் விற்கிற ஒரு இளம் ஆள். அவன் பையில் எப்போதும் ஒரு பைபிள்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போவார். சோளக் கஞ்சி எங்களுக்குக் கூழாகும். குற்றி வீடு கொட்டிலாகும். அந்த நிலத்துப் பூர்வகுடிகள் எல்லோரும் வேடராவார்கள். பொய் சொல்லக்கூடாது, அழகாகச் சொல்வார். ஒன்றைத் தவிர. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் ஆட்காட்டி விரலை நாக்கில் வைத்து, நன்றாக நனைத்து, அப்பிப் பிடித்துத்தான் திருப்புவார். மீனை நாலு தரம் கழுவுகிற மனுஷி, ஊரார் எடுத்துப் படிக்கிற புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் எச்சிலைப் பூசினார். தாளின் மூலை உலரும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

காதலர் முத்தமிடுகிற இடங்களை ரீச்சர் சொல்வதில்லை. அந்த இடம் வந்ததும் தொண்டையைச் செருமி, “அப்ப ரெண்டு பேரும் முழங்காலில நிண்டு ஜெபிச்சவை” என்பார். முதல் இரண்டு தரம் நாங்களும் நம்பினோம்.

பஸ் ஓட்டுநரின் மனைவி பூமணி அக்கா ஒருவர் இருந்தார். உடம்பும் பெரிது, சிரிப்பும் பெரிது. ஒரு நாள் அவர் கேட்டார்: “ரீச்சர், உவை இந்த அத்தியாயத்தில கனக்க ஜெபிக்கினம் போல. கொட்டுற மழைக்குள்ளயும் ஜெபமோ?”

“ஓம், மழைக்குள்ளயும்தான். விசுவாசம் எண்டால் அப்பிடி.”

“அப்ப பத்தாம் மாதம் ஞானஸ்நானமும் இருக்கும் பாருங்கோ.”

எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு தொழிற்சாலைக்குப் போகிற ரயிலில் சோடியாக யாரும் நெருங்கி நின்றால், “அங்க பார், ஜெபம்” என்று நான் என் மனிசனுக்குக் காட்டுவேன். அவ்வளவில் நின்றிருந்தால் இது ஒரு பகிடிக் கதையாகவே முடிந்திருக்கும்.

அதே பூமணி அக்காவுக்கு மாதத் தூரம் நிற்காமல் ஒரு மாதத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. இங்கிலீஷ் போதாது. ரீச்சரைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனார். உள்ளதை உள்ளபடி தமிழில் சொன்னார். ரீச்சர் டொக்டருக்கு இங்கிலீஷில் சொன்னது, “இவவுக்குக் கொஞ்சம் களைப்பு.” டொக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கர்ப்பப்பையை வெட்டி எடுத்தார்கள். எங்களில் ஒருத்தி துணிந்து கேட்டபோது ரீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து இருந்து சொன்னார்: “வாய் எண்டது வாசல் பிள்ளை. வாசலுக்கால அசிங்கத்தை விடேலாது. ஒரு ஆம்பிளைக்கு முன்னால நான் உதை எப்பிடிச் சொல்லுறது?”

வெட்கப்படும்படி ஒன்று சொல்கிறேன். அந்த ‘வாசல்’ சொல்லையும் நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

ஜெயா அந்த வீட்டில்தான் தங்கியிருந்தாள். இருபத்திரண்டு வயது. ரீச்சருக்குத் தூரத்துச் சொந்தம். தாய் இல்லை. ஊரில் தகப்பனும் மூன்று தம்பிமாரும். ரீச்சர்தான் கடிதம் எழுதி இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர். ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. தாதிப் படிப்புக்கு எழுதிப்போட ஆசை. சனிக்கிழமைகளில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையோடு சாய்ந்து நின்று கதை கேட்பாள். எங்களுக்கு அது பொழுதுபோக்கு. அவள் அதை வேதம் மாதிரிக் கேட்டாள்.

ரீச்சருக்கு ஒரு தம்பி. நாற்பதைத் தாண்டியவர். வடக்கே பழத்தோட்டப் பக்கத்தில் மெஷின் திருத்துகிற வேலை. முதல் மனைவி ஒரு வருடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். “அவளுக்கு இந்த நாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளேல்லை” என்பார் ரீச்சர். “அந்தப் பக்கம் தார் உருகிற வெயிலாமே” என்று பூமணி அக்கா என் காதுக்குள் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தம்பி வந்திருந்தார். ஜெயா சமைத்துப் பரிமாறினாள். அந்த ஆள் ஒரு வாய் எடுத்து மென்றார், நிறுத்தினார், மென்றதை அப்படியே சாப்பாட்டுக் கோப்பையில் துப்பினார். பிறகு அந்தக் கோப்பையை மேசை மேலாக ஜெயாவுக்கு முன்னால் தள்ளினார்.

“உப்புப் பார்த்தனியோ? நீ தின்.”

ரீச்சர் சிரித்தார். “பகிடி. எங்கட குடும்பத்தில எல்லாரும் பகிடிக்காரர். ஒரு வாய் தின் பிள்ளை, இல்லாட்டி அவன்ர மனம் நோகும்.”

ஜெயா தின்றாள். என் கை சோற்றைப் பிடித்தபடி நின்றது. பிறகு குனிந்து என் கோப்பையில் இருந்ததைத் தின்று முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் கதை திசை மாறியது. நாலைந்து சனிக்கிழமையாக ரெபேக்கா அந்தத் தோல்காரனோடு மழையிலும் வெயிலிலும் ஜெபித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று மாவு ஆலைக்காரனைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாள். அவன் கடுகடுத்தவன்தான், ஆனால் உள்ளுக்குள் பலாச்சுளை. கடைசிச் சனிக்கிழமை கல்யாண அத்தியாயம். சபை கூடியிருக்கிறது. பெரியப்பா நிற்கிறார். போதகர் கேட்கிறார். ரீச்சரின் குரல் கரகரத்தது: “ரெபேக்கா தலையைக் குனிஞ்சு, ‘ஆண்டவரே, உம்முடைய சித்தம்’ எண்டு சொன்னவ. முதல் நாள் அவவுக்குப் பயம். ரெண்டாம் நாளும் பயம். பேந்து அன்பு ஊறத் தொடங்கினது. கிணறு மாதிரி. வெட்டினாப் பிறகுதானே தண்ணி வரும்?” புத்தகத்தை மூடிவிட்டு, “அவ்வளவுதான், கதை முடிஞ்சுது” என்றார். சொன்னது எங்களுக்கு. பார்த்தது கதவு நிலையை.

மறு கிழமை ஜெயா ரயில் மேடையில் என்னிடம் சொன்னாள். தம்பியைக் கட்டச் சம்மதித்துவிட்டாளாம். தேவாலயத்தில் பதிவுக்கு நாளும் எடுத்தாயிற்றாம்.

“உனக்குப் பயமில்லையோ?” என்று கேட்டேன்.

“பயம்தான் அக்கா. ரெபேக்காவும் பயந்தவதானே. பேந்து ஊறினது எண்டுதானே ரீச்சர் அன்ரி வாசிச்சவ.”

அந்தச் சனிக்கிழமை நான் புறப்படும்போது, ரீச்சர் நாவலை ஒரு கடதாசிப் பையில் போட்டு என் கையில் தந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டதாம். நூலகம் நான் வேலைக்குப் போகிற வழியில் இருக்கிறதாம்.

“திறக்காமல் குடுத்திட்டு வா பிள்ளை. உலகப் புத்தகம், உனக்கு விளங்காது.”

விளங்காது என்று சொல்லாமல் விட்டிருந்தால் நான் திறந்திருக்க மாட்டேன். ரயிலில் இருந்தபடி பிரித்தேன். மூலைகள் மொரமொரவென்று காய்ந்திருந்தன, அந்த எச்சிலில். எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க அதுவே வழிகாட்டி. நனைந்து காய்ந்த மூலைகள் முடிகிற இடத்தில் கல்யாண அத்தியாயம். அதற்குப் பிறகும் நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. கதை முடிந்துவிட்டதாம்.

என் இங்கிலீஷ் பிஸ்கற் பெட்டியிலும் பழைய பேப்பரிலும் பொறுக்கியது. ஒரு சின்ன அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அத்தியாயத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். போதகர் கேட்கிறார். ரெபேக்கா தலையைக் குனியவில்லை. சபையைத் திரும்பிப் பார்த்து, “எனக்கு இவர் வேண்டாம்” என்று சொல்கிறாள். போதகர் வேதப்புத்தகத்தை மூடி, விருப்பமில்லாத பெண்ணுக்கு நான் ஜெபம் சொல்ல மாட்டேன் என்கிறார். பெரியப்பா அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார். அந்த நிலத்துப் பூர்வகுடிப் பெண் ஒருத்தி அவளை ஆறு கடத்தித் தன் வீட்டில் வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் புத்தகத்தில் பெயர் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், வாய் நிறையப் பகிடி இருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்தே வருகிறவள். அப்படி ஒருத்தி இருந்ததை ரீச்சர் எங்களுக்குச் சொல்லவேயில்லை.

முத்தத்தை மறைத்ததுக்குச் சிரித்தேன். இதுக்குச் சிரிக்க வரவில்லை. ஒரு பெண்ணின் ‘இல்லை’யை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆண்டவரின் பெயரால் ஒரு ‘ஓம்’ வைத்து, அதை இன்னொரு பெண்ணுக்கு ஊட்டிவிட்டிருக்கிறார். துப்பிய சோற்றை ஊட்டிய அதே கை.

சலவைக்கூடத்துப் பின்வாசலில் காத்து நின்று ஜெயாவுக்குப் புத்தகத்தைக் காட்டினேன். அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தாள். அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“வீட்டை விட்டுத் துரத்தினாப் பிறகு அவ எங்க போய் இருந்தவ?”

சொன்னேன்.

“எனக்கு அப்பிடி ஆர் அக்கா இருக்கினம்?”

எங்கள் வீடு இரண்டு அறை. இரண்டு பிள்ளைகள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உள்ளே வேலை மணி அடித்தது. அவள் போய்விட்டாள். மணி அடித்ததில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

பதிவு நாளில் ரீச்சர் என்னையும் கூப்பிட்டார். “சாட்சிக்கு ஒரு தமிழ்ப் பொம்பிளை நிண்டால் வடிவு. நீ வாய் திறக்கத் தேவையில்லை, பேசாமல் இரு.” தேவாலயத்துக்குப் பக்கத்தில் போதகரின் சின்ன அலுவலகம். வெள்ளைக்காரர், இளம் ஆள், நல்ல மனிதர். தம்பி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே காரில் இருந்தபடி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். போதகர் ஜெயாவைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: உன் சொந்த விருப்பத்தோடுதான் இவரைக் கட்டுகிறாயா?

ஜெயாவின் உதடு பிரியவில்லை. கண் நிலத்தில். தொண்டைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது.

“ம்ஹூம்.”

போதகர் முகம் மலர்ந்து பேனாவை எடுத்தார்.

தமிழில் வாயை மூடிக்கொண்டு ம்ஹூம் என்றால், மாட்டேன். இந்த ஊர்க்காரருக்கு அதே சத்தம், ஓம். எனக்கு இது முன்பே தெரியும். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், “ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாயா” என்று கேட்க, நான் ம்ஹூம் என்று சொல்லி, நாலு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேண்டிவந்தது. ரீச்சருக்குத் தெரியாதா? இரண்டு பாஷையும் கரைத்துக் குடித்தவர். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, ஸ்தோத்திரம் சொல்கிற முகத்தோடு, வாசலைச் சாத்திக்கொண்டு இருந்தார். இந்த முறை அவருக்குப் பொய் சொல்லவேண்டிய வேலைகூட இருக்கவில்லை.

போதகர் எழுதத் தொடங்கினார்.

“சேர்,” என்றேன். “நோ. அது நோ. எங்கட பாஷையில அது நோ.”

ரீச்சர் கண்ணைத் திறந்து, படபடவென்று இங்கிலீஷில், இவள் படிக்காதவள், பிஸ்கற் கொம்பனியில் வேலை, வெட்கப்படுகிற பெண்ணைக் குழப்புகிறாள் என்றார். எனக்கு எல்லாம் விளங்கியது. போதகர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெயாவின் பக்கம் குனிந்து, ஒரே ஒரு சொல் போதும், வாயால் சொல், யெஸ் அல்லது நோ என்றார்.

ஜெயா என்னைப் பார்க்கவில்லை. ரீச்சரையும் பார்க்கவில்லை. நிமிர்ந்து அந்த மனிதரைப் பார்த்து, “நோ” என்றாள். போதாது என்று நினைத்தாளோ என்னவோ, “நோ, தாங்க்யூ” என்றாள்.

போதகர் படிவத்தை மடித்தார்.

வாசல் படியில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். ரீச்சர் தம்பியிடம் கை காட்ட, கார் சரளைக்கல்லை இறைத்துக்கொண்டு திரும்பியது. ஏறுமுன் ரீச்சர் ஜெயாவிடம் வந்தார். போதகருக்கு முன்னால் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். நெற்றியில் முத்தம் வைத்தார். அதே சிரிப்பு, ஜெபம் சொல்கிற அதே குழைந்த குரல். சொன்னது:

“வேசை. இண்டைக்கு எந்தத் தெருவில கிடந்து நாறப்போறாய் எண்டு பாக்கிறன். என்ர வாசலில காலை வைச்சியோ, உன்ர கொப்பனுக்கு எழுதி உன்னைக் கொல்லுவிப்பன்.”

காரில் ஏறிப் போய்விட்டார். ஜெயாவின் நெற்றியில் ஈரம் மினுங்கியது. அவள் துடைக்கவுமில்லை.

போதகருக்குக் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நடந்தும் எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்திருப்பார். “அழகான வாழ்த்து மாதிரி இருந்தது,” என்று என் பக்கம் திரும்பினார். “அவர் என்ன சொன்னார்?”

தொழிற்சாலையில் நான் முதன்முதலில் கற்ற இங்கிலீஷ், பக்கத்து மெஷினில் நின்ற கிரேக்கப் பெண் சொல்லித் தந்த கெட்ட வார்த்தைகள்தான். இலக்கணம் பிழைக்கும், ஆனால் அந்தச் சொற்கள் ஒன்றும் எனக்குப் பிழைக்காது. ரீச்சர் சொன்னதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை அப்படியே சொன்னேன். போதகரின் காது சிவந்தது.

முடிவில் ரீச்சர் சொல்லாத ஒரு வசனத்தை நானே சேர்த்தேன். சொன்னது போதகருக்கு, ஜெயாவுக்கும் விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

“டுநைற், ஷீ ஸ்லீப் மை ஹவுஸ்.”